பஹ்ரைனுக்குப் போன டிப்ளமோ: ராமேஸ்வரம் தீவிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

நான் தபால் துறையில் முப்பத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்தவன். கடைசிப் பதினோரு ஆண்டுகள் ராமநாதபுரம் கடற்கரையில் இரண்டு துணை அஞ்சலகங்களில் போஸ்ட்மாஸ்டராக இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் வீட்டுத் திண்ணைக்கு ஆட்கள் வருவது நிற்கவில்லை. வளைகுடாவில் இருக்கும் மகனுக்குச் சான்றிதழ் அனுப்ப வேண்டும், உறை மேல் விலாசம் எழுத வேண்டும், போட்ட கவர் எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும் என்று வருவார்கள். அப்படி வந்த ஒன்றைத்தான் இங்கே பதிவு செய்கிறேன். குடும்பத்தார் எழுதச் சொன்னார்கள். பெயர்களையும் கம்பெனி, கூரியர் கடை விவரங்களையும் விட்டுவிட்டேன்.

குடும்பம் தங்கச்சிமடத்தை ஒட்டிய மீனவக் குடியிருப்பில் இருக்கிறது. மகனுக்கு வயது முப்பத்தொன்று. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு ஆறு ஆண்டுகளாக பஹ்ரைனில் ஏசி மெக்கானிக்காக இருந்தார். ஊரில் அம்மா, அப்பா, மனைவி, இரண்டு வயதுக் குழந்தை. அப்பா விசைப்படகுத் தொழிலாளி. முழங்கால் தேய்ந்து இப்போது கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கிறார். அந்த வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிப் படித்த முதல் ஆள் இந்த மகன்தான். ஆகவே அந்த டிப்ளமோ அவர்களுக்கு வெறும் காகிதம் இல்லை. ஆறு ஆண்டு வட்டி கட்டிப் படிக்க வைத்த படிப்பு அது.

2024 செப்டம்பரில் அவருக்கு அங்கேயே வேறொரு கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை அமைந்தது. டிப்ளமோவின் ஒரிஜினல், ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியலின் ஒரிஜினல், இரண்டிலும் அப்போஸ்டில் முத்திரை, நவம்பர் 30-க்குள் ஹெச்.ஆர். அலுவலகத்தில் காட்ட வேண்டும் என்று கடிதம் வந்தது.

அப்போஸ்டில் என்பது, ஒரு சர்வதேச ஒப்பந்தத்தின்படி, ஒரு நாட்டின் அரசு ஆவணத்தை இன்னொரு நாடு அப்படியே ஏற்றுக்கொள்வதற்கான சான்று. இந்தியாவில் அது 2005 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. பஹ்ரைன் அந்த ஒப்பந்தத்துக்குள் 2013 கடைசியில் வந்தது. அதனால் பஹ்ரைனுக்குத் தனியாகத் தூதரக முத்திரை தேவையில்லை. குவைத், கத்தார், அமீரகம் என்றால் கதை வேறு, அங்கே தூதரகம் வரை போக வேண்டும். சென்னையில் இருக்கும் உறவினர் ஒருவர் மாநில அரசின் சரிபார்ப்பையும் அப்போஸ்டிலையும் முடித்து அக்டோபர் கடைசியில் காகிதங்களை ஊருக்குக் கொண்டுவந்து கொடுத்தார். இந்தப் பகுதி ஒழுங்காகவே நடந்தது.

முதல் முயற்சி: நவம்பர் 4

தீபாவளி முடிந்த திங்கட்கிழமை, மனைவியும் மாமியாரும் பஸ் ஏறி ராமநாதபுரம் போனார்கள். அங்கே ஒரு கூரியர் கடையில் 3,600 ரூபாய் கட்டி ஒரு அட்டைப்பெட்டியைக் கொடுத்தார்கள். எடை மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேல். டிப்ளமோ, மதிப்பெண் பட்டியல், கூடவே யாரும் கேட்காத டி.சி. மூன்றும் ஒரு பிளாஸ்டிக் ஃபைலில். ஃபைலுக்கு அடியில் நெத்திலிக் கருவாடு ஒரு கிலோ, வீட்டில் அரைத்த கறி மசாலா அரைக் கிலோ, ஒரு பாட்டில் மாங்காய் ஊறுகாய், பனங்கற்கண்டு.

கடைக்காரர் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. "ஆறு நாள்ல போயிரும்" என்றார். கையால் எழுதிய ஒரு சீட்டைக் கொடுத்தார்.

இதைக் கேட்கிறவர்கள் முதலில் அந்த அம்மாவைத்தான் குறை சொல்வார்கள். நானும் மனதுக்குள் அப்படித்தான் நினைத்தேன். பிறகு அவர் சொன்ன ஒரு விஷயம் என்னை யோசிக்க வைத்தது. அவருக்கு அறுபத்தாறு வயது. அவருடைய அப்பா கொழும்பில் வேலை பார்த்தவர். சின்னப் பிள்ளையாக இருந்தபோது, தனுஷ்கோடிக்குப் போய்த் தலைமன்னார் கப்பலில் ஏறுகிற ஊர்க்காரர் கையில் கடிதத்தையும் கருவாட்டுப் பொட்டலத்தையும் சேர்த்தே கொடுத்து அனுப்புவார்களாம். 1914-இல் தொடங்கிய அந்தக் கப்பல் வழி 1964 டிசம்பர் புயலோடு முடிந்துபோனது. தனுஷ்கோடியில் இருந்த தபால் ஆபீஸும் சேர்ந்து போனது. ஆனால் கடிதம் போகிற இடத்துக்குச் சாப்பாடும் போகும் என்ற பழக்கம் அந்த வீட்டில் போகவில்லை. "வெறுங்காகிதத்தை எப்படித் தம்பி புள்ளைக்கு அனுப்புறது?" என்று என்னிடம் கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் உடனே பதில் இல்லை.

என்னிடம் வந்தபோது: நவம்பர் 14

பத்து நாட்கள் ஆகியும் தகவல் இல்லை. கடைக்குப் போன் போட்டால் "மூவ்மென்ட்ல இருக்கு" என்ற ஒரே பதில். வியாழக்கிழமை காலை மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். கையில் அந்தச் சீட்டு. கெடுவுக்குப் பதினாறு நாள் பாக்கி.

சீட்டைப் பார்த்ததும் மூன்று விஷயங்கள் கண்ணில் பட்டன.

ஒன்று, எண். ஏழு இலக்கம், பேனாவால் எழுதியது. வெளிநாட்டுத் தபால் எண் எப்போதும் 13 இடங்கள் கொண்டது. முதலில் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் அனுப்பும் நாட்டின் இரண்டு எழுத்து. நம் நாட்டிலிருந்து போனால் கடைசியில் ஐ, என் (IN). ஸ்பீடு போஸ்ட் என்றால் முதல் எழுத்து ஈ (E). அந்த ஒன்பதாவது இலக்கம்கூடச் சும்மா வைத்தது இல்லை. முதல் எட்டு இலக்கங்களை வைத்துப் போடும் ஒரு கணக்கின் விடையாக அது வர வேண்டும். எண்ணைத் தப்பாக எழுதிவிட்டால் கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிடுவது இதனால்தான். தனியார் நிறுவனங்களுக்கும் தங்கள் தங்கள் வலைத்தளத்தில் தேடக்கூடிய ஏர்வே பில் (விமானச் சரக்குச் சீட்டு) எண் உண்டு. இந்தச் சீட்டில் இருந்தது இரண்டும் இல்லை, கடையின் சொந்த நோட்டுப் புத்தக எண். அதை வைத்து உலகத்தில் எங்கும் தேட முடியாது.

இரண்டு, விலாசம். கம்பெனி பெயர், ஒரு போஸ்ட் பாக்ஸ் எண், மனாமா, பஹ்ரைன். அவ்வளவுதான். வளைகுடாவில் தபால் பெரும்பாலும் போஸ்ட் பாக்ஸுக்குத்தான் போகும். வீட்டு வாசலில் போஸ்ட்மேன் வந்து நிற்பது நம் ஊர்ப் பழக்கம். ஆனால் தனியார் கூரியர் ஆள் போஸ்ட் பாக்ஸில் போட முடியாது. அவருக்குக் கட்டடம் வேண்டும். பஹ்ரைனில் ஒரு கட்டடத்தைக் கண்டுபிடிக்க மூன்று எண் தேவை: கட்டட எண், ரோடு எண், பிளாக் எண். இந்தச் சீட்டில் மூன்றில் ஒன்றுகூட இல்லை. போதாததற்கு அது அவர் விட்டுவிட்டு வந்த பழைய கம்பெனியின் பெட்டி.

மூன்று, போன் நம்பர். அதைக் கூப்பிட்டுப் பார்த்தேன். உபயோகத்தில் இல்லை என்று வந்தது.

மனைவி நம்பவில்லை. "நேத்து ராத்திரிகூட அந்த நம்பர்லதான் சார் வீடியோ கால் பேசினோம்" என்றார். அவர் சொன்னதும் உண்மைதான். பழைய கம்பெனி கொடுத்த சிம்மை அவர் வேலையை விட்டபோது திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனால் போனில் வாட்ஸ்அப் அந்த எண்ணிலேயே வைஃபையில் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டாருக்கு நம்பர் உயிரோடு இருக்கிறது. கூரியர் ஆள் கூப்பிட்டால் இல்லை. முப்பத்தாறு ஆண்டு அனுபவத்தில் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு இதே மாதிரி இன்னும் இரண்டு குடும்பங்களில் பார்த்துவிட்டேன். வெளிநாட்டில் இருப்பவரின் நம்பரை, வாட்ஸ்அப்பில் அல்லாமல் சாதாரண அழைப்பாக ஒரு தடவை அடித்துப் பார்க்கச் சொல்வது இப்போது என் முதல் வேலையாகிவிட்டது.

பெட்டி எங்கே இருந்தது

மறுநாள் நானும் மனைவியும் கடைக்குப் போனோம். நான் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டால் கதவு சாத்திக்கொள்ளும், பெட்டி கிடைக்காது. "உங்களுக்கு மேலே எந்த நிறுவனத்துக்குக் கொடுத்தீர்கள், அவர்களுடைய எண் என்ன?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டேன். அரை மணி நேரத்துக்குப் பிறகு அவர் சென்னைக்குப் போன் போட்டார். பெட்டி பஹ்ரைனுக்குப் போகவே இல்லை. சென்னைக் கிடங்கில் நவம்பர் 7 முதல் ஹோல்டில் கிடந்தது.

காரணம் எளிது. கூரியர் தொழிலில் எல்லாமே இரண்டு வகைதான். காகிதம் மட்டும் என்றால் டாக்ஸ் (டாக்குமென்ட்ஸ் என்பதன் சுருக்கம்), பொருள் என்றால் நான்-டாக்ஸ். டாக்ஸுக்குக் கட்டணம் குறைவு, சோதனை குறைவு, சுங்கம் அநேகமாகத் தொடாது. நான்-டாக்ஸுக்கு உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளின் பெயர், எடை, மதிப்பு எழுதிய பட்டியல் வேண்டும். தபாலிலும் இதே கோடுதான். பொருள் வைத்தால் சுங்கப் படிவம் ஒட்ட வேண்டும். சி.என்.22, சி.என்.23 என்று அதில் இரண்டு வகை உண்டு. இந்தப் பெட்டிக்குப் போட்ட சீட்டில் "சான்றிதழ், கிஃப்ட்" என்று மட்டும் இருந்தது. எக்ஸ்ரேயில் பொடியும் பாட்டிலும் தெரிந்ததும் நிறுத்திவிட்டார்கள். பட்டியல் கேட்டுக் கடைக்கு மெயில் அனுப்பியிருக்கிறார்கள். கடைக்காரர் பார்க்கவில்லை.

அதாவது, மகனின் வேலையைத் தீர்மானிக்கப்போகும் இரண்டு காகிதங்கள் கருவாட்டுக்குத் துணையாகக் கிடந்தன. தனியாகப் போயிருந்தால் அவை அந்த வாரமே விமானம் ஏறியிருக்கும்.

அன்று மாலை அந்த அம்மாவிடம் மசாலாவில் என்னென்ன போட்டீர்கள் என்று கேட்டேன். மிளகாய், மல்லி, சோம்பு என்று சொல்லிக்கொண்டே வந்தவர், "ரெண்டு கை கசகசாவும்" என்றார். எனக்கு உண்மையிலேயே வயிற்றைக் கலக்கியது. கசகசா அபின் செடியின் விதை. நமக்கு அது குருமாவுக்குப் போடுகிற சாமான். அமீரகத்திலும் சவுதியிலும் அது தடை செய்யப்பட்ட பொருள். அதனால் பிடிபட்டு ஜெயிலுக்குப் போன நம் ஆட்கள் உண்டு. பஹ்ரைனுக்குப் போகிற சரக்கு துபாய் வழியாக மாறிப் போவது சகஜம். பெட்டி எந்த ஊரில் இறங்கி ஏறும் என்று கடைக்காரருக்கே தெரியாது. பெறுநர் இடத்தில் மகன் பெயர். அந்தப் பெட்டி சென்னையில் நின்றது எவ்வளவு பெரிய நல்லது என்று எல்லோருக்கும் அப்போதுதான் புரிந்தது. அம்மா அழுதுவிட்டார். "எனக்கு யாரும் சொல்லலையே" என்றார். அது நியாயமான பேச்சு. பணம் வாங்கிக்கொண்டு பெட்டியை எடுத்தவர்தான் கேட்டிருக்க வேண்டும்.

காத்திருந்த நாட்களில் எடுத்த முடிவுகள்

பெட்டி திரும்பி வர நான்கைந்து நாள் ஆகும் என்றார்கள். அந்த இடைவெளியில்தான் முக்கியமான முடிவுகள் எடுத்தோம்.

முதலில், மகனிடம் ஒரு கேள்வி கேட்கச் சொன்னேன். ஹெச்.ஆருக்கு ஒரிஜினல் கையில் வேண்டுமா, இல்லை முதலில் ஸ்கேன் போதுமா? செப்டம்பரிலிருந்து யாரும் இதைக் கேட்கவே இல்லை. கடிதத்தில் ஒரிஜினல் என்று இருந்தது, அதனால் ஒரிஜினல் என்றே எடுத்துக்கொண்டார்கள். சென்னை உறவினர் நல்லவேளையாக அப்போஸ்டில் ஸ்டிக்கர் ஒட்டிய பின்பக்கத்தையும் சேர்த்து ஸ்கேன் எடுத்து வைத்திருந்தார். அந்த ஸ்டிக்கரில் உள்ள எண்ணை வெளியுறவு அமைச்சகத்தின் தளத்தில் போட்டு யாரும் சரிபார்க்கலாம். நவம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை அங்கே வேலை நாள், வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. அன்றே ஹெச்.ஆர். பதில் அனுப்பினார்: ஸ்கேனை வைத்து வேலையைத் தொடங்குகிறோம், ஒரிஜினலை டிசம்பர் 10-க்குள் நேரில் காட்டினால் போதும், பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவோம். ஒரு மெயிலில் பத்து நாள் கிடைத்தது.

அடுத்து, யார் பெயருக்கு அனுப்புவது. மகன் தங்கியிருப்பது கேம்ப். காலை ஐந்தரைக்கு வண்டி ஏறினால் இரவு ஏழுக்குத்தான் திரும்புவார். கூரியர் ஆள் வருவது பகலில். கேம்ப் வாசலில் உள்ள வாட்ச்மேன் கையெழுத்துப் போடலாம், போடாமலும் போகலாம். அதனால் பெறுநர் மகன் இல்லை, புதிய கம்பெனியின் ஹெச்.ஆர். அதிகாரி என்று முடிவு செய்தோம். பகல் முழுவதும் மேசையில் இருப்பவர் அவர். கட்டட எண், ரோடு எண், பிளாக் எண், ஆபீஸ் லேண்ட்லைன், மகனின் புதிய சிம் நம்பர், எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கினோம். அவருடைய சம்மதத்தையும் மெயிலில் வாங்கினோம்.

எதில் அனுப்புவது என்பதில் வீட்டில் மூன்று கருத்து. மாமனார், "ஆள் கையில கொடுத்து விட்ருவோம்" என்றார். இந்தக் கரையில் அதுதான் நடைமுறை. கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம் பக்கமிருந்து வாரம் தவறாமல் யாராவது வளைகுடாவுக்குப் போகிறார்கள். காகிதம் மட்டும், உறை ஒட்டாமல், கொண்டுபோகிறவர் பிரித்துப் பார்க்கும்படி கொடுத்தால் அது மோசமான வழி இல்லை. ஆனால் அந்த வாரம் விசாரித்ததில் கிடைத்த ஆள் கத்தாரில் உள்ள தோஹாவுக்குப் போகிறவர். அங்கிருந்து இன்னொரு கை மாற வேண்டும். வேண்டாம் என்றேன்.

நான் தபால்காரன். ஸ்பீடு போஸ்ட்தான் சொல்வேன் என்று மனைவி எதிர்பார்த்தார். நான் டிப்ளமோவுக்கு அதைச் சொல்லவில்லை. வெளிநாட்டு ஸ்பீடு போஸ்ட் நம்பிக்கையான சேவை. ஆனால் நாடு மாறியதும் பொறுப்பு அந்த நாட்டுத் தபால் துறைக்கு மாறுகிறது. நாள் கணக்கை இங்கிருந்து யாரும் உறுதி சொல்ல முடியாது. நமக்குக் கெடு இருந்ததால், டிப்ளமோவை ஒரு பன்னாட்டு எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் மதுரை அலுவலகத்தில் நேரடியாகக் கொடுப்பது, மதிப்பெண் பட்டியலை ராமநாதபுரம் தலைமை அஞ்சலகத்தில் ஸ்பீடு போஸ்ட்டில் போடுவது என்று பிரித்தோம். இரண்டும் ஒரே உறையில் போய், அந்த உறை தொலைந்தால், இரண்டும் போனது. பிரித்தால் ஒன்றாவது கையில் நிற்கும். டி.சி. போக வேண்டிய அவசியமே இல்லை.

இன்ஷூரன்ஸ் போட்டால் போதாதா என்று மாமனார் கேட்டார். அவருக்குச் சொன்ன கணக்கை இங்கும் எழுதுகிறேன். விமானச் சரக்கு தொலைந்தால் தர வேண்டிய ஈட்டுக்கு சர்வதேச விதியில் ஒரு மேல் வரம்பு உண்டு. அப்போது அது கிலோவுக்கு 22 எஸ்.டி.ஆர். (நாடுகளுக்கு இடையிலான கணக்குக்குப் பயன்படும் பண அலகு), அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 2,400 ரூபாய். டிப்ளமோ உறை இருநூறு கிராம். கணக்குப் போட்டால் ஐந்நூறு ரூபாய்கூட வராது. கூடுதல் பணம் கட்டி மதிப்பு அறிவித்தாலும் பணம்தான் வரும். டூப்ளிகேட் டிப்ளமோவுக்கு போலீஸில் புகார், சான்று, சென்னை கிண்டியில் உள்ள தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தில் மனு, காத்திருப்பு, அதன் பிறகு மறுபடியும் அப்போஸ்டில். எந்த இன்ஷூரன்ஸும் அந்த மாதங்களைத் திருப்பித் தராது.

மழை

பெட்டி 19-ஆம் தேதி மாலை ராமநாதபுரம் கடைக்கு வந்துவிட்டது. மறுநாள் போய் எடுக்கலாம் என்று இருந்தோம். நவம்பர் 20 அன்று தீவில் பெய்த மழையை இங்கே யாரும் மறக்கவில்லை. ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. குடியிருப்புக்குள் முழங்கால் அளவுத் தண்ணீர். அந்த வீட்டில் துணி, அரிசி எல்லாம் நனைந்தது. பெட்டி வீட்டில் இல்லாமல் ராமநாதபுரத்தில் இருந்தது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று.

22-ஆம் தேதிதான் போக முடிந்தது. பெட்டியைக் கடையிலேயே பிரித்தோம். ஊறுகாய் எண்ணெய் கசிந்திருந்தது. டி.சி.யின் கீழ்ப்பாதி முழுக்க மஞ்சள் கறை. மதிப்பெண் பட்டியலின் ஓரத்தில் விரல் நகம் அளவு. டிப்ளமோ ஃபைலின் நடு உறையில் இருந்ததால் தப்பியது, கருவாட்டு வாடை மட்டும். கடைக்காரர் 3,600-இல் 1,500 திருப்பித் தந்தார். மீதிக்காக நாங்கள் நிற்கவில்லை.

அன்று இரவு காகிதங்களை என் வீட்டில் வைத்தேன். லேமினேட் பண்ணிவிடலாமா சார் என்று மனைவி கேட்டார். மழைக்குப் பயந்தவர் கேட்கிற கேள்வி. ஆனால் லேமினேட் பண்ணிய சான்றிதழில் பின்னால் எந்த முத்திரையும் ஸ்டிக்கரும் போட முடியாது, வாங்கவே மறுப்பார்கள். வேறு நாட்டுக்கு இன்னொரு தடவை தேவைப்படலாம். ஸிப் வைத்த பிளாஸ்டிக் உறை இரண்டு, ஒன்றுக்குள் ஒன்று, இரு பக்கமும் அட்டை. அது போதும்.

இரண்டாவது முயற்சி: நவம்பர் 23, 25

சனிக்கிழமை மதுரை. உறையை ஒட்டும் முன் டிப்ளமோவை முன்னும் பின்னும் படம் எடுத்தோம், உறையின் மேல் எழுதிய விலாசத்தையும் எடுத்தோம். உள்ளே இருப்பது கல்விச் சான்றிதழ், வணிக மதிப்பு இல்லை என்று எழுதிக் கொடுத்தோம். அனுப்புநரின் ஆதார் நகல் வாங்கிக்கொண்டார்கள். 3,100 ரூபாய். அச்சடித்த ஏர்வே பில் கையில் வந்தது. அலுவலகத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே அந்த எண் போனில் தேடினால் வந்தது. முதல் முறை 3,600 கட்டி ஒரு கைச்சீட்டு வாங்கியதை நினைத்து மனைவி ஒன்றும் பேசாமல் நின்றார்.

திங்கட்கிழமை ராமநாதபுரத்தில் மதிப்பெண் பட்டியல். இதில் ஒரு சிக்கல் இருந்தது. ஸ்பீடு போஸ்ட்டுக்கு ரோடு, பிளாக் விலாசத்தோடு கம்பெனியின் போஸ்ட் பாக்ஸ் எண்ணையும் சேர்த்து எழுதினேன். இரண்டில் எது வழியாகவும் போய்ச் சேரட்டும் என்று நினைத்தேன்.

பிறகு நடந்தது

டிப்ளமோ நவம்பர் 27 புதன்கிழமை பகலில் ஹெச்.ஆர். மேசையில் சேர்ந்தது. கையெழுத்துப் போட்டவர் பெயரும் நேரமும் தளத்தில் வந்தது. மகன் அன்று மாலை படம் அனுப்பினார்.

மதிப்பெண் பட்டியல் அவ்வளவு சுலபமாகப் போகவில்லை. சென்னையை விட்டுக் கிளம்பியதற்குப் பிறகு ஐந்து நாள் தளத்தில் ஒன்றும் மாறவில்லை. அந்த ஐந்து நாளும் குடும்பம் என் வாசலுக்கு வந்து போனது. டிசம்பர் 4 அன்று பஹ்ரைன் போய்ச் சேர்ந்ததாகக் காட்டியது. அவர்கள் கம்பெனிக்குக் கொண்டுவந்து தரவில்லை. போஸ்ட் பாக்ஸில் அறிவிப்புச் சீட்டு போட்டுவிட்டார்கள். கம்பெனியில் அந்தப் பெட்டியைத் திறப்பவர் வாரத்துக்கு இரண்டு முறைதான் போவார். சீட்டு மகன் கைக்கு வந்தது 8-ஆம் தேதி. 9-ஆம் தேதி அரை நாள் லீவு போட்டு, அடையாள அட்டையோடு தபால் அலுவலகம் போய் வாங்கினார். கெடு 10-ஆம் தேதி. ஒரே ஒரு நாள் மிச்சம்.

ஓரக் கறையைப் பற்றி ஹெச்.ஆர். கேட்டிருக்கிறார். எழுத்தையோ முத்திரையையோ தொடாததால் விட்டுவிட்டார். ஜனவரியில் மகன் சூப்பர்வைசர் வேலையில் சேர்ந்தார். இரண்டு ஒரிஜினலும் பிப்ரவரியில் ஊருக்கு வந்த பனைக்குளத்துக்காரர் ஒருவர் கையில், திறந்த உறையில், திரும்பி வந்தன. கறை பட்ட டி.சி.க்கு டூப்ளிகேட் கேட்டுக் கல்லூரிக்கு மனு கொடுத்திருக்கிறார்கள்.

மறுபடி செய்தால் எதை மாற்றுவேன்

டிப்ளமோவையும் மதிப்பெண் பட்டியலையும் பிரித்தது சரி என்றே இன்னும் நினைக்கிறேன். வரிசைதான் தவறு. மெதுவாகப் போவதை முதலில் போட்டிருக்க வேண்டும். மதுரைப் பயணத்தின் அவசரத்தில் வேகமானதை இரண்டு நாள் முன்னால் அனுப்பிவிட்டு, மெதுவானதைப் பின்னால் அனுப்பினேன். அந்த இரண்டு நாள் இருந்திருந்தால் டிசம்பர் முதல் வாரத்தில் அந்த வீட்டில் எல்லோரும் தூங்கியிருப்பார்கள்.

போஸ்ட் பாக்ஸை யார் திறக்கிறார்கள், எத்தனை நாளுக்கு ஒரு முறை என்று நான் கேட்கவில்லை. தபால்காரனாக இருந்தும் கேட்கவில்லை. கூரியர் உறைக்கு யார் கையெழுத்துப் போடுவார் என்று அவ்வளவு யோசித்த நான், தபால் உறைக்கு அதே கேள்வியைக் கேட்க மறந்துவிட்டேன். இதை எழுதும்போதும் அது உறுத்துகிறது.

ஹெச்.ஆரிடம் கேட்ட கேள்வி செப்டம்பரில் கேட்டிருக்க வேண்டியது. இப்போது யார் வந்து ஒரிஜினல் அனுப்ப வேண்டும் என்றாலும், ஸ்கேன் போதுமா, காட்டிவிட்டுத் திரும்ப வாங்கலாமா என்று எழுத்தில் கேட்டு வரச் சொல்கிறேன். மூன்றில் ஒருவராவது, அனுப்பவே தேவையில்லையாம் சார் என்று வந்து சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

கூரியர் கடையைப் பற்றி ஒன்று. நம் ஊர்களில் அத்தகைய கடைகள் அவசியம்தான். மதுரை வரை எல்லோராலும் போக முடியாது. ஆனால் பணம் கொடுக்கும் முன், எந்த நிறுவனத்தின் எண் வரும், அதை இப்போதே தேடிக் காட்ட முடியுமா என்று கேட்க வேண்டும். காட்ட முடியாத இடத்தில் துணியைக் கொடுக்கலாம், டிப்ளமோவைக் கொடுக்க வேண்டாம்.

அந்த அம்மாவின் கேள்விக்கு ஒரு பதில் கண்டுபிடித்தோம். மகன் கேட்டது கருவாடு இல்லை, மசாலாதான். மார்ச் மாதம் கசகசா இல்லாமல் புதிதாக அரைத்து, ஊறுகாயைத் தவிர்த்து, பனங்கற்கண்டோடு சேர்த்து, ஒவ்வொன்றின் பெயரும் எடையும் மதிப்பும் எழுதிய பட்டியலோடு தனிப் பார்சலாக அனுப்பினோம். பட்டியலை அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பதினேழு நாள் ஆயிற்று. அதற்குள் யாரும் என் வாசலுக்கு வரவில்லை.